இரண்டாவது சிப்பாய்

வேலூர்க் கோட்டையைப் பார்க்க வருபவர்கள் அகழியின் அகலத்தையும் மதிலின் கனத்தையும் பார்த்து அசந்துபோவார்கள். 16ஆம் நூற்றாண்டில் கட்டியவர்களுக்கு, எதிரி வெளியிலிருந்துதான் வருவான் என்ற நினைப்பு. 1806 ஜூலை 10 அதிகாலையில் கோட்டையைப் பிடித்தவர்களோ உள்ளேயே படுத்திருந்தவர்கள்.

அன்று உள்ளே வெள்ளைக்காரப் படையினர் ஏறக்குறைய 370 பேர். இந்தியச் சிப்பாய்கள் ஏறக்குறைய 1,500 பேர். ஒருவருக்கு நான்கு பேர். கிளர்ச்சி ஏன் நடந்தது என்று கேட்பதைவிட, அதுவரை ஏன் நடக்கவில்லை என்று கேட்பதே எனக்குச் சுவையாகப் படுகிறது.

சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1978இல் இதற்கு ஒரு கணக்குப் போட்டார். நூறு பேர் கொண்ட கூட்டம். ஒருவன் யார் வந்தாலும் வராவிட்டாலும் கலகத்தில் இறங்குவான். அடுத்தவனுக்கு முன்னால் ஒருவராவது இறங்கியிருக்க வேண்டும். அதற்கடுத்தவனுக்கு இரண்டு பேர். இப்படியே போய், கடைசி ஆளுக்கு 99 பேர். முதல் ஆள் இறங்கினால் போதும், வரிசையாக நூறு பேரும் எழுந்துவிடுவார்கள். இப்போது அந்த இரண்டாவது ஆளை மட்டும் மாற்றுவோம்: அவனுக்கும் இரண்டு பேர் வேண்டுமாம். முதல் ஆள் தனியாக எழுந்து தனியாக மாட்டிக்கொள்வான். மற்ற 98 பேரின் மனக்குறை குன்றிமணி அளவும் குறையவில்லை. வெளியே பார்த்தால் ஊரே அமைதி. அந்த இரண்டாவது ஆளைத் தயங்க வைப்பதுதான் ஆள்பவர் வேலையில் பாதி.

அதற்கு முதல் வழி சம்பளம். பக்கத்து ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா கோட்டை விட்டது இங்கேதான். 1751இல் ராபர்ட் கிளைவ் ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கி ஆற்காட்டைக் காத்தது அவர் கட்சிக்காக. அரியணை வந்தது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் தயவில். அந்தப் படைச் செலவு கடனாக ஏறியது, கடன் வட்டியோடு வளர்ந்தது. 1781இல் நாட்டின் வரி வசூலையே கம்பெனியிடம் ஒப்படைத்தார். வரி வாங்கிச் சிப்பாய்க்குப் படியளப்பவன் எவனோ அவன்தானே ராஜா? 1801 ஒப்பந்தத்தில் ஆட்சி முழுதும் கம்பெனிக்குப் போனது; நவாப் குடும்பத்துக்குப் பட்டமும் மானியமும் மிஞ்சின.

படியளந்த கம்பெனி சறுக்கியது தலைப்பாகையில். புதுத் தலைப்பாகையில் தோல் அலங்காரம். அணிவகுப்பில் நெற்றிக்குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடி மழிக்க வேண்டும். வழக்கமாக ஒருவன் குறை அவன் நெஞ்சுக்குள்ளேயே கிடக்கும், பக்கத்துப் பாயில் படுத்திருப்பவனுக்குக்கூடத் தெரியாது. தலைப்பாகையோ எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி எல்லார் தலையிலும் ஏறுவது. மே மாதம் அதை எதிர்த்தவர்களில் ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் தலா 900 கசையடி விதித்தார்கள். பயம் கூடியிருக்கலாம். கூடவே, குறை தனக்கு மட்டும் இல்லை என்பது இந்து, முஸ்லிம் இரு தரப்புச் சிப்பாய்களுக்கும் உறுதியானது. இரண்டாவது ஆளுக்குத் தேவைப்பட்டது அந்த உறுதிதான்.

எழுபவர்கள் ஏந்தக் கொடிக்கும் பஞ்சமில்லை, திப்பு சுல்தானின் பிள்ளைகள் அதே கோட்டையில்தான் காவலில் இருந்தார்கள். சதியை முன்கூட்டியே சொன்ன முஸ்தபா பெய்க் என்ற சிப்பாயைப் பைத்தியம் என்று அடைத்துப் போட்டார்கள். எல்லாரும் சலாம் போடும் இடத்தில் யார் மனதில் என்ன இருக்கிறது என்பது ஆள்பவருக்கும் தெரியாது!

எழுந்தவர்கள் கோட்டை வாசலைச் சரியாகக் காக்கவில்லை. சிலர் கொள்ளையில் இறங்கினார்கள். சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி ஆற்காட்டில் இருந்த குதிரைப்படைக்குச் செய்தி போனது. அதன் தலைவர் கில்லெஸ்பி முதலில் வந்து, கயிறு பிடித்து மதிலேறினார். பின்னால் வந்த பீரங்கி வாசலை உடைத்தது. அந்தக் குதிரைப்படையில் இந்தியர்களும் இருந்தார்கள். வேலூரில் யார் யார் எழுந்தார்கள் என்பதை அவர்கள் கண்ணால் பார்த்ததில்லை. சங்கிலி அந்த 25 கிலோமீட்டரில் அறுந்துபோயிற்று. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள்.

அடக்கிய பிறகு கம்பெனி செய்தவற்றை இந்தக் கணக்கோடு வைத்துப் பார்க்கலாம். உடை விதிகளை ரத்து செய்தது. சென்னை கவர்னர் பென்டிங்கையும் படைத்தளபதி கிரடாக்கையும் திரும்ப அழைத்தது. திப்புவின் பிள்ளைகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பியது. கிளர்ந்த மூன்று பட்டாளங்களையும் கலைத்தது.