எதிர்வுகூறல்

'காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாக மட்டக்களப்பு வரையான கடற்பரப்புகளில்…' என்று வானொலி தொடங்கினால், அது வானிலை எதிர்வுகூறல் என்பது எங்கள் ஊரில் கடற்றொழிலாளர் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். அந்தச் சொல் இப்போது டெங்குப் பேச்சிலும் அடிபடுகிறது: நோய் எதிர்வுகூறல்.

எதிர்வு பழைய இலக்கணச் சொல். இறப்பு, எதிர்வு, நிகழ்வு என்று நன்னூல் எண்ணும் காலங்களில் அது வருங்காலம். ஆங்கிலத்தின் 'ஃபோர்காஸ்ட்' முன்கூட்டித் திட்டமிடுவதைக் குறித்த சொல். 1861 இல் இலண்டன் நாளேட்டில் வானிலை வெளியிடத் தொடங்கிய ராபர்ட் ஃபிட்ஸ்ராய், இது தீர்க்கதரிசனம் அல்ல, கணக்கிட்டுச் சொல்லும் கருத்து என்று விளக்கியே அதைக் கையாண்டார்.

தமிழ்நாட்டில் 'முன்னறிவிப்பு' என்பார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. முன்னறிவிப்பின்றி மின்சாரம் நின்றது என்றும் எழுதுகிறோமே. அங்கே அறிவிக்க ஆள் உண்டு. நுளம்பு யாருக்கும் அறிவித்துவிட்டு வருவதில்லை. 'கணிப்பு' நல்ல சொல்தான், ஆனால் சாதகக்காரர் முந்திக்கொண்டார்கள்.

கூரைத் தண்ணீர் வடியும் ஒரு பீலியை எடுத்துக்கொள்வோம். போன மழையில் ஒட்டிய முட்டைகள் காய்ந்த பீலியில் மாதக்கணக்காகக் கிடக்கும். ஐப்பசி மழை நனைத்ததும் பொரித்து, நுளம்பாகிப் பறக்க 7 முதல் 10 நாள். நோயாளியைக் கடித்த நுளம்புக்குள் வைரஸ் முதிர 8 முதல் 12 நாள். அது கடித்தவருக்குக் காய்ச்சல் காண 4 முதல் 10 நாள். கூட்டினால் 19 முதல் 32. நோயாளியைத் தேடி நுளம்பு அலையும் நாட்கள் தனி. இன்றைய மழைமானியில் அடுத்த மாதத்துக் காய்ச்சல் வார்டு தெரிவது இப்படித்தான்.

இந்தக் கூட்டலைச் சமன்பாடுகளாக விரித்தால் 'மாடல்'. அளவு என்னும் பொருளுடைய இலத்தீன் 'மோடுஸ்' அதன் வேர். தமிழில் 'மாதிரி' என்றால் இரத்த மாதிரியும் வந்து குழப்பும். எங்கள் பாடநூல்களின் 'மாதிரியுரு' தெளிவானது.

வானிலையோடு ஒரு வேறுபாடு உண்டு. குடை விரித்தால் மழை நிற்காது. பீலியைத் துப்புரவாக்கினால் சொன்ன டெங்கு வராமலே போகலாம். அப்போது, எதிர்வுகூறல் பொய்த்துவிட்டதே என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்க ஆள் வரும். அந்த ஆள், டெங்கு பரவி உயிர்களைக் கொண்டுபோன 2017 மார்ச்சில் திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவில் இருந்திருக்க மாட்டார்.