தரையில் ஒரு சொட்டு இல்லை, தண்ணி மட்டும் குறைகிறது

போன மாதம் ஒருவர் தன் 2003 மாடல் காரைக் கொண்டு வந்தார். "வாரம் அரை லிட்டர் தண்ணி ஊத்துறேன் சார், ஆனா வண்டி நிக்கிற இடத்துல ஈரமே இல்ல" என்றார். ரேடியேட்டர் மூடி, ஹோஸ் எல்லாம் வேறொரு இடத்தில் மாற்றியாகிவிட்டது. கதவைத் திறந்ததுமே லேசாகத் தித்திப்பு வாசனை. இடப்பக்க முன் சீட்டுக்குக் கீழே மிதியடியைத் தூக்கி கார்பெட்டை அழுத்தினேன். விரலில் பச்சையாக, வழுவழுவென்று ஒட்டியது. ஒழுக்கு ஹீட்டர் கோரில்.

டேஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்கும் குட்டி ரேடியேட்டர்தான் அது. 'நம்ம ஊர் வெயிலுக்கு நான் ஹீட்டரே போடுவதில்லையே' என்பார்கள். பல வண்டிகளில் போடாவிட்டாலும் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், அதற்குள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். குமிழைத் திருப்பினால் காற்றின் வழி மட்டுமே மாறும்.

கார்பெட் நனைந்தாலே ஹீட்டர் கோர் என்று முடிவு கட்டவும் கூடாது. ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்தாலும் அதே இடம் நனையும். அது நிறமில்லாத வெறும் தண்ணீர், வாசனை இருக்காது. கூலன்ட் என்றால் சீக்கிரம் காயாது. முன் கண்ணாடியின் உள்பக்கமும் துடைக்கத் துடைக்க எண்ணெய்ப் பூச்சு போல மங்கும். வெறும் தண்ணீரே ஊற்றி ஓட்டுபவர்களுக்கு இந்த அடையாளங்கள் எதுவும் கிடைக்காது. உள்ளே துரு வேறு பிடிக்கும்.

நான் செய்வது பிரஷர் டெஸ்ட். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, ரேடியேட்டர் மூடியில் போட்டிருக்கும் அழுத்தத்துக்கு, அதாவது 0.9 என்றால் 0.9 வரைக்கும், கைப்பம்பால் ஏற்றிவிட்டு கால் மணி நேரம் பம்பின் முள்ளைப் பார்ப்பேன். முள் இறங்குகிறது, வெளியே ஹோஸ், வாட்டர் பம்ப் எல்லாம் காய்ந்திருக்கிறது என்றால் கேபினைப் பார்க்க வேண்டும். அங்கேயும் ஈரமில்லை என்றால் ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் மேல் பகுதிக்கும் கீழ் பகுதிக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) மீதுதான் சந்தேகம்.

இரண்டு ஹோஸையும் எஞ்சின் பக்கமே இணைத்து ஹீட்டரை 'பைபாஸ்' செய்வது நம் ஊர் வழக்கம். சமவெளியில் மட்டும் ஓடும் வண்டிக்கு அது போதும். ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்களுக்கு நான் செய்து தருவதில்லை. ஏற்றத்தில் வண்டி சூடேறும்போது ஏசியை நிறுத்தி ஹீட்டரை முழுதாகத் திறந்தால், எஞ்சின் சூட்டில் ஒரு பங்கை அது வெளியே இழுக்கும். அந்த உதவி போய்விடும்.

டெம்பரேச்சர் முள் நடுவில்தானே இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். தண்ணீர் ரொம்பக் குறைந்தால் சென்சார் நனையாமல் வெறும் காற்றில் நிற்கும். எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் கீழே இறங்கக்கூடும்.

அந்தக் காரின் டேஷ்போர்டைக் கழற்ற ஒரு நாள் முழுக்கப் பிடித்தது. கோரின் மெல்லிய குழாய்களில் மஞ்சள் சேறு. எப்போதோ வழியில் ஒழுக்கை நிறுத்த ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போட்டிருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம், ஓட்டையை அடைப்பதற்கு முன் அது இந்தக் குழாய்களைத்தான் அடைக்கும்.

வடித்த கூலன்ட்டைத் திறந்த தட்டில் விட்டுவைக்காதீர்கள். எத்திலீன் கிளைக்கால் கலந்த விஷம் அது, ஆனால் இனிக்கும். நாயும் குழந்தையும் வாய் வைக்கும்.