முகவர்நிரல் பேரம்

கணினித் துறையில் 'ஏஜென்ட் நெகோஷியேஷன்' எனப்படுவதை 'முகவர் பேச்சுவார்த்தை' என்று எழுதினால், காப்பீட்டு முகவர்கள் கமிஷனை உயர்த்தச் சொல்லி உட்கார்ந்திருப்பதாகத்தான் தோன்றும்.

விஷயம் வேறு. செயலி நேரம், நினைவகம், பட்டையகலம் எல்லாம் கொஞ்சம். கேட்கும் நிரல்கள் பல. மேலே ஒன்று உட்கார்ந்து பங்கிட்டுக் கொடுக்காமல், ஒவ்வொரு நிரலும் தன் உரிமையாளர் சார்பில் கேட்டு, இறங்கி, ஓர் உடன்பாட்டுக்கு வருவதே இது.

'ஏஜென்ட்' என்பதன் வேர் லத்தீன் 'அகெரே': செய்தல், இயக்குதல். 'நெகோஷியேஷன்' வந்தது 'நெகோட்டியும்' என்பதிலிருந்து. 'ஓட்டியும்' என்றால் ஓய்வு. அதன் எதிர்மறை வேலை, வணிகம். ஆக, சந்தையில் பிறந்த சொல். தமிழில் அதற்கு நேரானது 'பேரம்' (தெலுங்கில் பேரமு). 'குதிரை பேரம்' என்று அரசியலில் அடிபட்டதால் அதைத் தொடத் தயங்குகிறார்கள். 'பேச்சுவார்த்தை' தூதர்களுக்குப் பொருந்தும். அதில் விலை கேட்பதும் இறங்குவதும் தெரிவதில்லை.

1980இல் கணினி ஆய்வாளர் ரீட் ஸ்மித் வெளியிட்ட 'கான்ட்ராக்ட் நெட்' நெறிமுறை இத்துறையின் தொடக்கங்களுள் ஒன்று. வேலையுள்ள நிரல் அறிவிப்பு விடும், செய்யக்கூடியவை விண்ணப்பிக்கும், பொருத்தமானதற்கு ஒப்பந்தம். பெரும்பாலும் ஒரே சுற்றில் முடிவதால் இதைப் பேரம் என்பதைவிட டெண்டர் என்பதே சரி.

நிஜப் பேரத்துக்கான கணக்கு கணினிக்கு முந்தியது. டென்மார்க் பொருளியலர் சொய்தன் 1930இல் தொழிலாளர்-முதலாளி கூலிப் பேரத்துக்கு வகுத்ததை, 1994இல் கணினி ஆய்வாளர்கள் ரோசன்ஷைனும் ஸ்லாட்கினும் நிரல்களுக்குப் பொருத்தி எழுதினார்கள். எடுத்துக்காட்டாக, 10 மணி செயலி நேரம் இருக்கிறது. 'அ' என்ற நிரல் கேட்பது 8, 'ஆ' என்ற நிரல் கேட்பது 6. பேரம் முறிந்தால் இருவருக்கும் பூஜ்யம். 'ஆ' சொன்னபடி ஒப்புக்கொண்டால் 'அ'வுக்கு 4 கிடைக்கும். 8இல் 4 போகிறது, அதாவது பாதி. 'அ' சொன்னபடி ஒப்புக்கொண்டால் 'ஆ'வுக்கு 2தான். 6இல் 4 போகிறது, மூன்றில் இரண்டு பங்கு. ஒப்புக்கொள்வதால் இழக்கும் விகிதம் எவருக்குக் குறைவோ, அவர் இறங்க வேண்டும். ஆகவே 'அ' 7க்கு வரும். மறுபடி கணக்குப் போட்டால் மறுபடியும் அதுவே இறங்கும், 6க்கு. இப்போது விகிதம் சமம். இருவரும் இறங்கினால் 5-5. அதிகம் கேட்டவர் முதலில் இறங்குவது எந்தச் சந்தையிலும் நடப்பதுதான்; இங்கே அது வகுத்தல் கணக்கில் வருகிறது.

'முகவர்' உயர்திணைச் சொல். 'முகவர் மறுத்தது' என்று எழுதினால் உறுத்தும், 'மறுத்தார்' என்றால் மனிதர் வந்துவிடுவார். 'நிரல்' சேர்த்து 'முகவர்நிரல்' என்றால் 'முகவர்நிரல் மறுத்தது' என்று இயல்பாக எழுதலாம். ஆகவே பொதுப்பெயர் 'முகவர்நிரல் பேரம்'. கான்ட்ராக்ட் நெட்டுக்கு மட்டும், அரசு அலுவலகங்களில் ஏற்கெனவே புழங்கும் 'ஒப்பந்தப்புள்ளி'யை எடுத்து 'ஒப்பந்தப்புள்ளி முறை' எனலாம்.