பால்சுரப்புத் தூண்டல்

தத்தெடுத்த பிள்ளைக்குத் தாய்ப்பால் கொடுக்க முடியுமா என்று மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துப் பெண் ஒருவர் கிளினிக்கில் கேட்டால், மிஸ்ஸி, அதாவது நர்ஸ், சொல்லக்கூடிய பெயர் ‘இண்டியூஸ்ட் லேக்டேஷன்’. சரி, வீட்டில் மாமியாரிடம் அதை எப்படிச் சொல்வது? ‘செயற்கைப் பால்’ என்றால் டின் பால்தான் நினைவுக்கு வரும்.

கருவைச் சுமக்காத பெண்ணின் மார்பில் பால் சுரக்கச் செய்வதையே இது குறிக்கிறது. ‘லேக்’ லத்தீனில் பால். பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோனின் பெயரிலும் அதே வேர். ‘இண்டியூஸ்’ உள்ளே இட்டுச்செல்வது என்ற பொருளிலிருந்து வந்தது.

தமிழில் சுரத்தல் என்றால் ஊறி வருதல். ஊற்றும் சுரக்கும், பசுவின் மடியும் சுரக்கும். தூண்டுதல் விளக்குத் திரிக்குச் சொல்வது. இருக்கிற சுடரை மேலே கொண்டுவருவது. இங்கே சுரப்பியும் அவளுடையது, பாலும் அவளுடையது. ஆகவே ‘செயற்கை’ வேண்டாம், ‘பால்சுரப்புத் தூண்டல்’ என்பதே என் தேர்வு. முன்பு பாலூட்டி நிறுத்தியவர் மறுபடி தொடங்குவது வேறு. அதை மறுசுரப்பு எனலாம்.

கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்டெரோன் என்ற ஹார்மோன்கள் மார்பைத் தயார் செய்கின்றன. பிரசவத்தில் நஞ்சுக்கொடி வெளியேறியதும் புரோஜெஸ்ட்டெரோன் சட்டென்று குறைய, புரோலாக்டின் கை ஓங்கிப் பால் பெருகும். ஒரு வழிமுறையில், கருத்தடை மாத்திரைகளைச் சில மாதம் கொடுத்து நிறுத்தி, இதையே நடித்துக்காட்டுகிறார்கள். கூடவே டொம்பெரிடோன் கொடுப்பதும் உண்டு. அது குமட்டலுக்கான மருந்து. புரோலாக்டினைக் கூட்டுவது அதன் பக்கவிளைவு. இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடும் என்பதால் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. மருந்தே இல்லாமல், பிள்ளையைச் சப்பவிட்டும் இரண்டு மூன்று மணிக்கொருமுறை பம்ப் வைத்தும் பால் வரவழைப்பவர்களும் இருக்கிறார்கள். ரப்பர் மரம் வெட்டியவர்களுக்கு இது உடனே விளங்கும்: புது மரம் முதலில் கொஞ்சமாகத்தான் பால் விடும், வெட்ட வெட்டக் கூடும்.

பலருக்குப் பிள்ளையின் முழுத் தேவைக்கும் பால் வருவதில்லை. மார்பருகே மெல்லிய குழாய் வைத்து, பிள்ளை சப்பும்போதே மீதிப் பாலைக் கொடுப்பார்கள்.

மலாய்க்காரர்களிடம் இதற்கு இன்னொரு கனமும் உண்டு. அவர்கள் பின்பற்றும் இஸ்லாமியச் சட்டப் பிரிவான ஷாஃபி மத்ஹபின்படி, இரண்டு வயதுக்குள் ஐந்து முறை நிறைவாகப் பாலூட்டினால் அந்தப் பிள்ளை ‘அனாக் சூசுவான்’, அதாவது பால்குடிப் பிள்ளை. பாலூட்டியவளின் குடும்பத்துக்குத் திருமணம் கூடாத உறவாகிவிடும். தத்தெடுக்கும் தாய்மார்கள் சிலர் இதை நாடுவது அதனால்தான்.

இப்படிப் பாலூட்டுபவளை எப்படி அழைப்பது? செவிலித்தாய் என்று எழுதுகிறார்கள். இன்று செவிலி என்றால் நர்ஸ். பழைய ஐவகைத் தாயர் பட்டியலில் பாலூட்டுபவளுக்குத் தனியாகவே ‘முலைத்தாய்’ என்ற பெயர் இருக்கிறது. நல்ல சொல்தான், ஆனால் இன்றைக்கு நாலு பேர் நடுவில் சொல்லக் கூச்சப்படுவார்கள். கிளினிக் தாளில் ‘பாலூட்டும் தாய்’ போதும். வீட்டில் எப்போதும்போல அம்மாதான்.