வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் அடிபட்ட பிள்ளையைத் திரும்பக் களத்துக்கு அனுப்பும் உரிமை யாருக்கு?

உயர்நிலைப் பள்ளி அமெரிக்க ஃபுட்பால் ஆட்டம். மூன்றாம் குவார்ட்டரில் ஒரு பையன் மோதி விழுகிறான். எழுந்து, தானாகவே நடந்து வெளியே வருகிறான். காயங்களைப் பார்க்கும் அத்லெட்டிக் டிரெய்னர் அவனோடு இரண்டு நிமிடம் பேசுகிறார், கண்ணைப் பார்க்கிறார், அப்புறம் அவன் ஹெல்மெட்டை வாங்கித் தன் கையிலேயே வைத்துக்கொள்கிறார். ஆட்டம் முடியும்வரை அவன் திரும்பவில்லை. ஸ்டேண்டில் முணுமுணுப்பு தொடங்குகிறது. "நல்லாத்தானே நடக்கிறான்? கோச் ஏன் சும்மா நிற்கிறார்?"

கோச் சும்மா நிற்பதற்குக் காரணம், கன்கஷன் (அடியில் மூளை குலுங்குவது) பற்றிய டெக்ஸாஸ் மாநிலச் சட்டம், பிள்ளையைத் திரும்ப அனுப்பும் முடிவை அவர் கையிலிருந்து எடுத்துவிட்டது. அந்தச் சட்டம் என்ன சொல்கிறது, பெற்றோருக்கு என்ன உரிமை தருகிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் டல்லாஸ் பக்கம் இருக்கிறேன். எங்கள் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளை மார்ச்சிங் பேண்டில் வாசிக்கிறது என்பதற்காக உயர்நிலைப் பள்ளி ஆட்டத்துக்குப் போக ஆரம்பித்து, நாளடைவில் ஃபுட்பால் ரசிகர்களாகவே ஆகிவிட்டவர்கள் நிறையப் பேர். இப்போது சில வீடுகளில் பிள்ளைகள் ஹெல்மெட் போட்டுக் களத்திலும் இறங்குகிறார்கள். ஆனால் சீசன் தொடக்கத்தில் பள்ளி அனுப்பும் படிவங்களை நம்மில் எத்தனை பேர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறோம்? நானும் முதல் வருடம் படிக்கவில்லை.

முதலில் கன்கஷன் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். தலையிலோ உடம்பிலோ விழும் அடியில் மூளை மண்டைக்குள் குலுங்கி, அதன் வேலை சில நாளோ சில வாரமோ தடுமாறுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். மயங்கி விழுந்தால்தான் கன்கஷன் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான கன்கஷனில் மயக்கமே வருவதில்லை. ஸ்கேன் எடுத்தாலும் அநேகமாகச் சுத்தமாகவே வரும். ஹெல்மெட் மண்டை உடையாமல் காக்கிறது, உள்ளே மூளை குலுங்குவதை அதனால் நிறுத்த முடியாது. தலைவலி, குமட்டல், வெளிச்சம் கண்ணைக் கூசுவது, கேட்ட கேள்விக்கு மெதுவாகப் பதில் சொல்வது, ஸ்கோர் மறந்துபோவது, எப்போதும் துறுதுறுவென்று இருப்பவன் ஒரு மாதிரி மந்தமாக இருப்பது எல்லாமே அறிகுறிதான்.

இதற்கு நாடு முழுவதற்குமான ஒரே சட்டம் கிடையாது. மாநிலத்துக்கு மாநிலம் தனிச்சட்டம். முதலில் போட்டது வாஷிங்டன் மாநிலம், 2009இல். அங்கே மேப்பிள் வேலி என்ற ஊரில் 2006 அக்டோபரில் ஸாக்கரி லைஸ்டெட் என்ற 13 வயதுப் பையன் பள்ளி ஆட்டத்தில் தலையில் அடிபட்டான். கொஞ்ச நேரம் வெளியே உட்கார்ந்திருந்துவிட்டு இரண்டாம் பாதியில் மறுபடி இறங்கினான். ஆட்டம் முடிந்ததும் சுருண்டு விழுந்தான். மூளைக்குள் ரத்தக்கசிவு. அழுத்தத்தைக் குறைக்க மண்டையோட்டின் இரண்டு பக்கத்தையும் திறக்க வேண்டியிருந்தது. முதல் வார்த்தை பேச அவனுக்கு 9 மாதம் ஆனது. அவன் பெயரால் வந்த சட்டம் மூன்றே விஷயத்தைச் சொன்னது. ஆண்டுதோறும் பிள்ளையும் பெற்றோரும் விவரம் தெரிந்து கையெழுத்திட வேண்டும். சந்தேகம் வந்தாலே பிள்ளையை வெளியே எடுக்க வேண்டும். பயிற்சி பெற்ற மருத்துவத் துறையினர் எழுதிக் கொடுத்தால்தான் திரும்ப அனுப்ப வேண்டும். 2014 தொடக்கத்தில் மிசிசிப்பியும் சட்டம் போட்டதோடு, 50 மாநிலங்களிலும் இப்படி ஏதாவது ஒரு சட்டம் வந்துவிட்டது.

டெக்ஸாஸ் சட்டம் 2011இல் வந்தது. நடாஷா சட்டம் என்பார்கள். பெயர் கொடுத்தது ஒரு கால்பந்து (சாக்கர்) ஆட்டக்காரப் பெண். ஆகவே இது ஃபுட்பாலுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். பள்ளிகளுக்கிடையே நடக்கும் எல்லா விளையாட்டுக்கும் பொருந்தும். வாலிபால் ஆடும் மகளுக்கும் இதே விதிதான்.

இனி முக்கியமான பகுதி. ஒரு பிள்ளைக்குக் கன்கஷன் இருக்கலாம் என்று தோன்றினால் உடனே பயிற்சியிலிருந்தோ ஆட்டத்திலிருந்தோ வெளியே எடுக்க வேண்டும். அப்படித் தோன்ற வேண்டியது யாருக்கு? சட்டம் ஐந்து தரப்பைச் சொல்கிறது. கோச், டாக்டர், உரிமம் பெற்ற மருத்துவத் துறையினர், பள்ளி நர்ஸ், ஐந்தாவதாகப் பெற்றோர் அல்லது பாதுகாவலர். ஆமாம், நீங்கள்தான். நிரூபிக்க வேண்டியதில்லை, "இருக்கலாம்" என்று நினைத்தாலே போதும். ஸ்டேண்டில் உட்கார்ந்து உங்கள் மகனைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், அவன் நடை சரியில்லை என்று பட்டால், இறங்கிப் போய் டிரெய்னரிடமோ பள்ளி ஊழியரிடமோ "என் பிள்ளைக்குக் கன்கஷன் இருக்குமோ என்று நினைக்கிறேன், அவனை வெளியே எடுங்கள்" என்று சொல்லுங்கள். கோச் வேலையில் தலையிடுகிறோமோ, நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம். நம் ஆட்களிடம் இந்தத் தயக்கம் அதிகம், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

வெளியே எடுத்த பிள்ளை அன்றைக்குத் திரும்ப இறங்க முடியாது. மறுநாளும் சும்மா அனுப்ப முடியாது. டாக்டர் பார்க்க வேண்டும், அந்த டாக்டரைத் தேர்ந்தெடுப்பது நீங்களோ உங்கள் பிள்ளையோதான், பள்ளி அல்ல. ஒவ்வொரு பள்ளி மாவட்டத்திலும் கன்கஷன் மேற்பார்வைக் குழு ஒன்று இருக்க வேண்டும். அதில் குறைந்தது ஒரு டாக்டர் இருக்க வேண்டும், மாவட்டம் அத்லெட்டிக் டிரெய்னரை வேலைக்கு வைத்திருந்தால் அவரும் இருக்க வேண்டும். அந்தக் குழு வகுத்த படிகளைப் பிள்ளை ஒவ்வொன்றாகத் தாண்ட வேண்டும். முதலில் லேசான ஓட்டம், அப்புறம் மோதல் இல்லாத பயிற்சி, அப்புறம் முழுப் பயிற்சி, கடைசியில்தான் ஆட்டம். ஒரு படிக்கு ஒரு நாளாவது ஆகும். நடுவில் தலைவலி திரும்பினால் ஒரு படி இறங்க வேண்டியதுதான். இதெல்லாம் முடிந்து, இவன் ஆடுவது பாதுகாப்பானது என்று டாக்டர் எழுத்தில் கொடுத்து, பிள்ளையும் நீங்களும் சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டால்தான் களம். உங்கள் கையெழுத்து இல்லாமல் அனுப்ப முடியாது.

கோச்சால் "சரி, நீ இறங்கு" என்று சொல்லவே முடியாது. இந்தப் படிகள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று மேற்பார்க்கும் பொறுப்பு பள்ளி மாவட்டக் கண்காணிப்பாளருக்கோ அவர் நியமிப்பவருக்கோ உரியது. அப்படி நியமிக்கப்படுபவர் எந்த அணிக்கும் கோச்சாக இருக்கக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. எனக்கு இந்தச் சட்டத்தில் மிகவும் பிடித்த வரி இதுதான். பிளேஆஃப் நெருங்கும்போது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் நல்ல குவார்ட்டர்பேக்கைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்ற ஆசை எந்த நல்ல கோச்சுக்கும் வரும். ஆசை இருப்பவரிடம் முடிவைக் கொடுக்காமல் இருப்பதுதான் அவருக்கும் நல்லது. கோச்சுகளும் 2 ஆண்டுக்கு ஒருமுறை குறைந்தது 2 மணி நேரம் கன்கஷன் பயிற்சி எடுக்க வேண்டும்.

பிள்ளை நினைவிழந்து விழுந்தால் அதற்குத் தனி விதி இருக்கிறது. காரணம் எதுவாக இருந்தாலும் அன்றைய ஆட்டத்துக்குத் திரும்பக்கூடாது. டாக்டர் எழுதிக் கொடுக்கும்வரை விளையாட்டு, பேண்ட் போல வகுப்புக்கு வெளியே நடக்கும் எந்தப் பள்ளி நடவடிக்கையிலும் பங்கேற்கக்கூடாது. பேண்ட் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். ஆகஸ்ட் வெயிலில் பார்க்கிங் லாட்டில் பயிற்சி செய்து மயங்கி விழும் பிள்ளையும் இதில் அடக்கம்.

ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு தலைவலி கூடிக்கொண்டே போனால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதாகத் தெரிந்தால், வலிப்பு வந்தால், எழுப்பியும் எழாவிட்டால், உடனே 911.

இந்தச் சட்டத்தால் கிடைக்காததையும் சொல்ல வேண்டும். இது பள்ளி மீது வழக்குப் போடப் புதிதாக எந்த வழியையும் திறக்கவில்லை. பள்ளி மாவட்டங்களுக்கு ஏற்கெனவே இருக்கும் சட்டப் பாதுகாப்பு அப்படியே தொடரும், நீங்கள் கையெழுத்திடும் சம்மதப் படிவத்திலும் அது இருக்கும். பேட்டை லீகில் ஆடும் சின்னப் பிள்ளைகளுக்கும் இந்தச் சட்டம் வராது. பொதுப் பள்ளிகள், சார்ட்டர் பள்ளிகள், டெக்ஸாஸில் பள்ளிப் போட்டிகளை நடத்தும் யூ.ஐ.எல். அமைப்பின் போட்டிகளில் கலந்துகொள்ளும் மற்றப் பள்ளிகள் ஆகியவற்றோடு இதன் எல்லை முடிகிறது. மற்ற இடங்களில் "உங்கள் கன்கஷன் விதி என்ன?" என்று நீங்களே கேட்க வேண்டும்.

இன்னொரு விதியையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சீசன் நடக்கும்போது ஒரு ஆட்டக்காரருக்கு வாரத்தில் முழு மோதல் பயிற்சி 90 நிமிடத்துக்கு மேல் கூடாது என்று யூ.ஐ.எல். 2013இல் வைத்தது.

அத்லெட்டிக் டிரெய்னர் என்றதும் ஜிம்மில் எடை தூக்கச் சொல்லித் தருபவரை நினைத்துவிடாதீர்கள். இது காயங்களைப் பார்க்கப் படித்து உரிமம் பெற்றவர்கள் செய்யும் மருத்துவ வேலை. 1971இலேயே இதற்கு உரிமம் கொண்டுவந்த முதல் மாநிலம் டெக்ஸாஸ். நாடு முழுவதும் பார்த்தால் சுமார் மூன்றில் ஒரு பங்கு உயர்நிலைப் பள்ளிகளுக்கு டிரெய்னரே இல்லை. உங்கள் பள்ளியில் ஒருவர் இருந்தால் அவர் பெயரைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஹெல்மெட்டை வாங்கி வைக்கும்போது ஸ்டேண்டிலிருந்து கத்தாதீர்கள். அவர் அடுத்த பிள்ளையைப் பார்க்கும்போது அந்தச் சத்தம் மனதில் இருக்கும், அப்படி இருக்கக்கூடாது.

இனி களத்தின் ஓரக்கோடான சைட்லைன் பக்கம் வருவோம். டச் டவுன் வீடியோ எடுக்க அப்பாக்கள் போனோடு கோட்டருகே போய் நிற்பதை எல்லா ஊரிலும் பார்க்கலாம். பெரும்பாலான மாநிலங்கள் பின்பற்றும் உயர்நிலைப் பள்ளி விளையாட்டுகளுக்கான தேசியக் கூட்டமைப்பின் விதிப்புத்தகத்தில், சைட்லைனை ஒட்டி 2 யார்டு அகலத்துக்கு ஒரு பட்டை தடைப்பகுதி. பந்து ஆட்டத்தில் இருக்கும்போது அங்கே கோச்சும் நிற்கக்கூடாது. முதல் தடவை எச்சரிக்கை, இரண்டாம் தடவை 5 யார்டு, அதற்கு மேல் ஒவ்வொரு தடவையும் 15 யார்டு தண்டனை. டெக்ஸாஸ் மட்டும் கல்லூரி விதிப்புத்தகத்தை எடுத்து ஆடுகிறது. அங்கே தண்டனைக் கணக்கு கொஞ்சம் மாறும், நோக்கம் ஒன்றுதான். களத்தைப் பார்த்தபடியே கோட்டோரம் ஓடும் நடுவருக்கு அந்தப் பட்டை வேண்டும், வேகத்தில் வெளியே வரும் பிள்ளைக்கு நிற்க இடம் வேண்டும். 40 யார்டை 5 நொடியில் ஓடும் பையன் அந்த 2 யார்டைக் கால் நொடியில் கடந்துவிடுவான். போன் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவரால் அதற்குள் விலக முடியாது.

பழகிய கோச்சுகளே இதில் தப்பியதில்லை. 2006இல் பென் ஸ்டேட் பல்கலைக்கழக கோச் ஜோ பட்டர்னோ, 79 வயதில், சைட்லைனில் நிற்கும்போது ஆட்டக்காரர்கள் வந்து மோதிக் கால் எலும்பு முறிந்தது. 2011இல் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் கோச் ஷான் பேட்டனுக்கும் அதே கதி. அனுமதி அட்டை இருந்தாலும் எல்லைக்கோட்டுக்குப் பின்னால் நில்லுங்கள். மண்டியிட்டு உட்கார்ந்து படம் எடுக்காதீர்கள், எழுந்து ஓட நேரம் இருக்காது. சின்னப் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போகவே போகாதீர்கள்.

இடி கேட்டால் ஆட்டம் நிற்கும். கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் காத்திருக்க வேண்டும், நடுவில் இன்னொரு இடி கேட்டால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. அந்த நேரத்தில் நல்ல இடம் போய்விடுமே என்று அலுமினிய ஸ்டேண்டிலேயே உட்கார்ந்திருக்காமல் காருக்கோ கட்டடத்துக்கோ போய்விடுங்கள்.

கடைசியாக, நெஞ்சில் அடி. 2023 ஜனவரி 2ஆம் தேதி சின்சினாட்டியில் பஃபலோ பில்ஸ் ஆட்டக்காரர் டமார் ஹாம்லின் எதிரணி ஆளைப் பிடித்து வீழ்த்தும் ஒரு டேக்கிளுக்குப் பிறகு எழுந்து நின்று, உடனே சாய்ந்ததைப் பலர் நேரலையில் பார்த்தோம். இதயம் நின்றுவிட்டது. அவர் பிழைத்ததற்குக் காரணம் நெஞ்சை அழுத்தத் தெரிந்தவர்களும் இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் ஏ.இ.டி. கருவியும் பக்கத்திலேயே இருந்ததுதான். அந்த அதிர்ச்சி கிடைக்காமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. டெக்ஸாஸில் ஒவ்வொரு பொதுப் பள்ளி வளாகத்திலும் குறைந்தது ஒரு ஏ.இ.டி. இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் கருவி பூட்டிய ஜிம்முக்குள் இருந்து, ஆட்டம் மைதானத்தில் நடந்தால் என்ன பயன்? அடுத்த வெள்ளிக்கிழமை கேட்டில் டிக்கெட் காட்டும்போது "ஏ.இ.டி. இன்றைக்கு எங்கே இருக்கிறது?" என்று கேளுங்கள். ஆம்புலன்ஸ் எந்தக் கேட் வழியாக வரும் என்றும் கேளுங்கள். அந்தக் கேட்டின் முன்னால் காரை நிறுத்தாதீர்கள்.