புது டேப்லெட்டில் ஒரு பச்சைப் புள்ளி

"கண்ணுக்கே தெரியாத புள்ளி தம்பி. இவன்தான் ரெண்டு நாளா அதையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கான்" என்று டேப்லெட்டை என் பழுதுபார்க்கும் மேசைமேல் வைத்தார் அந்த அம்மா. பன்னிரண்டாம் வகுப்புப் பையன் பக்கத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான். பத்து அங்குல டேப்லெட். பில் போட்டு 3 நாள்.

இப்படி வரும் கேஸ்களில் முதல் வேலை துணியால் துடைப்பது. சிரிக்காதீர்கள். ஸ்கிரீன் கார்டுக்கு அடியில் மாட்டிய தூசியை 'டிஸ்ப்ளே போயிடுச்சு' என்று கொண்டு வருபவர்கள் உண்டு. துடைத்தேன், கார்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன், புள்ளி போகவில்லை. அடுத்து ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து என் போனுக்கு அனுப்பிப் பார்த்தேன். அதிலும் புள்ளி இருந்தால் அது மென்பொருள் விவகாரம், இல்லையென்றால் திரைதான். என் போனில் அது இல்லை. கறுப்புப் படம் ஒன்றைத் திறந்ததும் நடுவுக்குச் சற்று மேலே பச்சையாகக் குத்தியது. பையன் சொன்னது சரி. வெள்ளைப் பக்கத்தில் தெரியவில்லை என்று அம்மா சொன்னதும் சரி.

இந்தப் புள்ளி எவ்வளவு பெரியது? 1920க்கு 1200 என்று போட்டிருக்கும் திரையில் 23 லட்சம் பிக்ஸல்கள், அதாவது படத்தை உருவாக்கும் குட்டிப் புள்ளிகள், உண்டு. ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று துணைப் பிக்ஸல். ஆக, 69 லட்சம் குட்டி விளக்குகளை ஒரு கண்ணாடியில் அடுக்கியது போல. பத்து அங்குலத்தில் ஒரு பிக்ஸலின் அகலம் 0.11 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு முரட்டுத் தலைமுடியின் பருமன். ஒவ்வொரு துணைப் பிக்ஸலுக்கும் சுவிட்ச் மாதிரி ஒரு தனி டிரான்சிஸ்டர் இருக்கிறது. அது அணையாமல் நின்றுவிட்டால் பச்சையோ சிவப்போ எரிந்துகொண்டே இருக்கும். முழுப் பிக்ஸலும் எரியாமல் போனால் அது கறுப்பு, நாம் 'டெட் பிக்ஸல்' என்கிறோமே அது.

69 லட்சத்தில் ஒன்று கெட்டால் கம்பெனி ஏன் அலட்டிக்கொள்ள வேண்டும் என்று தோன்றும். அவர்கள் நினைப்பதும் அதுதான். 2001-ல் வந்த, ஐ.எஸ்.ஓ. என்ற உலகத் தர அமைப்பின் 13406-2 என்ற தரநிலை இதற்குக் கணக்கே போட்டிருந்தது. அதன் இரண்டாம் வகுப்புத் திரையில் 10 லட்சம் பிக்ஸலுக்கு எப்போதும் எரியும் புள்ளி 2, எப்போதும் கறுத்த புள்ளி 2, துணைப் பிக்ஸல் கோளாறு 5 வரை இருக்கலாம். 2008-க்குப் பிறகு அந்த இடத்தில் ஐ.எஸ்.ஓ. 9241 வரிசை இருக்கிறது. சர்வீஸ் சென்டர் மேசையில் இருப்பவர் "ஒரு புள்ளி லிமிட்டுக்குள்ளதான் சார்" என்று சொல்வது இந்த வழக்கத்திலிருந்து வருகிறது. அது அவருடைய கம்பெனியின் லிமிட். நம் கண்ணைக் கேட்டா அதை வைத்தார்கள்?

அதனால் நான் பார்ப்பது குறையின் அளவை அல்ல. நாளைக்கும் இது இப்படியே இருக்குமா, வளருமா என்பதைத்தான் பார்க்கிறேன்.

ஒற்றைப் புள்ளி பெரும்பாலும் அப்படியே இருக்கும், பக்கத்துப் பிக்ஸலுக்குத் தொற்றாது. எரிந்து நிற்கும் புள்ளி, நிறங்களை மாற்றி மாற்றிக் காட்டும் செயலியால் சில நேரம் சரியாவதும் உண்டு. ஆனால் அந்த நம்பிக்கையில் மாற்றித்தரும் நாட்களைக் கோட்டை விடாதீர்கள். விரலால் அழுத்தித் தேய்த்தால் போகும் என்று வீடியோக்களில் காட்டுவதைச் செய்யவே வேண்டாம், ஒரு புள்ளியோடு வந்தது ஒரு கறையோடு போகும்.

கோடு வேறு ஜாதி. முடி மாதிரி ஒரே ஒரு செங்குத்துக் கோடு, அதுவும் சூடானால் மறைந்து ஆறினால் வருகிறது என்றால், திரையின் ஓரத்தில் மெல்லிய ரிப்பனோ சிப்போ கண்ணாடியோடு ஒட்டிய இணைப்பு விட்டுக்கொண்டிருக்கலாம். இன்று ஒன்று, மழைக்காலத்துக்குள் நாலு. இதில் 'சின்னது' என்பதே கிடையாது. மூலையில் மை கொட்டியது போல கறுப்பு இருந்தால் உள்ளே கண்ணாடி விரிசல், அது பரவும். கூடவே ஒரு வாரம் தாமதித்தால், 'நீங்க அழுத்தினது' என்ற பழியும் வரும். வெள்ளைத் திட்டு தெரிந்தால் திரைக்குப் பின்னால் வெளிச்சத்தைப் பரப்பும் பேக்லைட் தாள்களை ஏதோ அழுத்துகிறது என்று அர்த்தம். பழைய டேப்லெட்டில் பேட்டரி உப்பலாக இருக்கும். புதிதில் பொருத்தும்போதே வந்த கோளாறு. இந்த மூன்றையும் நான் யாருக்கும் வைத்துக்கொள்ளச் சொல்வதில்லை.

டச் கோளாறும் அப்படித்தான். வரையும் செயலி ஒன்றைத் திறந்து, விரலை எடுக்காமல் ஓரத்திலிருந்து ஓரம் வரை கோலம் போடுவது போல நெருக்கமாக இழுங்கள். கோடு அறுந்தால் அந்த இடம் செத்த இடம். ஆனால் சார்ஜில் இருக்கும்போது மட்டும் தானாக டச் ஆனால், டேப்லெட்டைத் திட்டுமுன் சார்ஜரை மாற்றிப் பாருங்கள்.

ஓர வெளிச்சக் கசிவு விஷயத்தில்தான் நான் வாடிக்கையாளர் பக்கம் நிற்பதில்லை. எல்.சி.டி. திரைக்குப் பின்னால் எப்போதும் விளக்கு எரிகிறது. அறையை இருட்டாக்கி, கறுப்புப் படம் போட்டு, பிரைட்னஸை உச்சத்துக்கு ஏற்றினால் எங்காவது ஓர் ஓரம் வெளுத்துத்தான் தெரியும். அப்படிச் சோதித்தால் என் சொந்த டேப்லெட்டும் தேறாது. நீங்கள் வழக்கமாக வைக்கும் வெளிச்சத்தில், வழக்கமாகப் பார்க்கும் படத்தில் தெரிகிறதா? இல்லையென்றால் விட்டுவிடலாம். இரவில் லைட்டை அணைத்துவிட்டுப் படம் பார்ப்பவர் என்றால் அது வேறு கதை.

'இயல்பு' என்ற சொல்லோடு மட்டும் கொஞ்சம் கவனம். 2021-ல் வந்த ஆறாம் தலைமுறை ஐபேட் மினியை நிமிர்த்திப் பிடித்து எழுத்துகளை வேகமாக நகர்த்தினால் ஒரு பாதி மறுபாதிக்குப் பின்தங்கி ஆடுவதாகப் பலர் சொன்னார்கள். எல்.சி.டி. வரிவரியாகப் புதுப்பிக்கப்படுவதால் அது இயல்பானதே என்றது ஆப்பிள். தொழில்நுட்பமாகச் சரியான பதில்தான். ஆனால் வாசிக்கும்போது தலை சுற்றுகிறது என்பவருக்கு அந்தப் பதிலால் என்ன பயன்? திருப்பித்தரும் காலம் அவருக்கும் சேர்த்துத்தான்.

மாற்ற முடிவெடுத்தால் நாட்கள்தான் முக்கியம். ஆன்லைனில் வாங்கியதற்கு மாற்றித்தரும் காலம் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குப் பக்கம்தான். அதற்குள் கேட்டால் புதுப் பெட்டி வரும். பிறகு கேட்டால் 'சர்வீஸ்'. சர்வீஸ் என்றால் பசை போட்டு ஒட்டிய புதுப் பொருளை சூடுகாட்டிப் பிரிப்பது. நானே அந்த வேலைதான் செய்கிறேன், நன்றாகவே செய்கிறேன். ஆனாலும் வாங்கி நாலு நாளான டேப்லெட்டைப் பிரிக்க எனக்குக் கை வராது. பெட்டி பிரிக்கும்போதே ஒரு வீடியோ எடுத்து வையுங்கள். மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம், எழுத்தில் கேளுங்கள். பழுதான பொருளைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020-ன் மின்வணிக விதிகள் சொல்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மூலையில் இருந்த ஒரு கறுப்புப் புள்ளிக்காக மூன்று முறை மாற்றிய ஒருவரை எனக்குத் தெரியும். இரண்டாவதில் ஓரம் மஞ்சளடித்தது, மூன்றாவதில் சட்டமே லேசாக வளைந்திருந்தது. "முதல்ல வந்ததே நல்லா இருந்துச்சுண்ணே" என்றார். அது போய்ச் சேர்ந்து மாதமாகியிருந்தது.

பையன் கதைக்கு வருகிறேன். நடுவில் பச்சைப் புள்ளி, கறுப்புப் பின்னணியில் இரவில் படிக்கிற பழக்கம், கையில் இன்னும் நாலு நாள். மாற்றிவிடுங்கள் என்றேன். மாற்றினார்கள். அடுத்த வாரம் அந்த அம்மாவிடமிருந்து போன்.

"தம்பி, இதுல கீழ் ஓரத்துல லேசா வெளிச்சம் அடிக்குதே?"

"எப்பம்மா தெரியுது?"

"ராத்திரி லைட்ட அணைச்சிட்டுப் பார்த்தா."

"பையன் சொன்னானா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "இல்ல தம்பி. அவன் தூங்கினதுக்கு அப்புறம் நான்தான் பார்த்தேன்."