பத்தா, பதினொன்றா?

ஆல்ப்ஸ் பக்கம் போய்வந்த வாசகர் ஒருவர் பழுப்பு வண்ணத்துப்பூச்சிப் படங்கள் இரண்டை அனுப்பி, இவை ஒரே இனமா என்று கேட்டிருந்தார். இரண்டும் எரெபியா என்ற பேரினம், அதுவரை சந்தேகமில்லை. கரும்பழுப்பு இறக்கை, செம்மஞ்சள் திட்டு, அதற்குள் கண் மாதிரி புள்ளி என்று ஐரோப்பாவில் மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் ஏறக்குறைய இதே கோலத்தில் திரிகின்றன.

சிலவற்றைப் பிரிப்பது சுலபம். லிகேயா என்ற இனத்து ஆணின் முன்னிறக்கையில் மணச்செதில்கள் அடர்ந்த கருந்தடம் இருக்கும், யூரியேல் என்ற இனத்துக்குக் கிடையாது. படுத்தி எடுப்பது டின்டாரஸ் கூட்டம் என்ற, ஒன்றுக்கொன்று நெருங்கிய இனங்களின் தொகுப்புதான். ஆஸ்திரியாவின் குரோஸ்குளோக்னர் மலையில் இந்தக் கூட்டத்தின் காசியோய்டிஸ், நிவாலிஸ் என்ற இரண்டு இனமும் உண்டு. வெயில் மறைந்ததும் புல்லில் இறங்கி இறக்கையை மூடிக்கொள்ளும், அப்போது பின்னிறக்கையின் அடிப்புறத்தைப் பாருங்கள்: நிவாலிஸ் என்றால் நீலம் கலந்த வெள்ளிப் பளபளப்பு தூக்கலாகத் தெரியும். அப்புறம் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் வாழும் சரிவில் நிவாலிஸ் மேலே, காசியோய்டிஸ் கீழே. செதில் உதிர்ந்து நைந்த பூச்சி என்றால், படத்தைப் பார்த்து இனம் சொல்லும் ஆப் சொல்வதை நம்பாதீர்கள்.

சரி, இவ்வளவு ஒட்டியிருப்பவை வெவ்வேறு இனம் என்று எப்படித் தெரிந்தது? குரோமோசோமை எண்ணித்தான். காசியோய்டிஸுக்கு 10 ஜோடி, நிவாலிஸுக்கு 11. இதே கூட்டத்தில் கல்காரியாவுக்கு 8, ஒட்டோமானாவுக்கு 40!

இப்படிக் கூடிக் குறைந்தும் பூச்சி பிழைத்திருப்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். செல் பிரியும்போது குரோமோசோம்களை இழைகள் இரு பக்கமும் இழுக்கும். நம் உடலில் அவை சென்ட்ரோமியர் என்ற ஒரே இடத்தில்தான் பிடிக்கும், உடைந்த துண்டில் அந்த இடம் இல்லையென்றால் இழுக்க ஆளின்றித் துண்டு தொலைந்துபோகும். வண்ணத்துப்பூச்சிக்கு அந்த ஒற்றைப் பிடியே கிடையாது, நீளம் நெடுக இழைகள் பற்றிக்கொள்ளும், அதனால் ஒன்று இரண்டாக முறிந்தாலும் இரண்டு துண்டும் அடுத்த தலைமுறைக்குப் போய்ச்சேர வாய்ப்புண்டு.

இந்தக் கூட்டத்தை எண்ணிப் பிரித்ததில் பெரும்பங்கு குரோவேஷியப் பூச்சியியலாளர் லோர்கோவிச்சுடையது. தானாகச் சேராத பூச்சிகளைக் கையில் பிடித்தே இணைசேர்க்கும் வித்தையையும் 1940களில் எழுதிவைத்தவர். இன்று இப்படி எண்ணும் ஆய்வுக்கு நிதி கேட்டால் விண்ணப்பத்தில் ‘சமூகப் பயன்’ என்ற கட்டத்தில் எதை நிரப்புவது? பணத்தையெல்லாம் ஆப்பில் கொட்டுகிறார்கள், அந்த ஆப்புக்குச் சரியான விடையை யார் சொல்லித்தருவார்கள் என்று கேட்டால் பதில் இல்லை.